ஐப்பசி மழைக்கும் மார்கழிப் பனிக்கும் காரைத் தயார் செய்வது எப்படி? செட்டிநாட்டுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலைக்காகக் காரைக்குடி பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள், முதல் கார் வாங்கி முதல் ஐப்பசியைப் பார்க்கப் போகிறவர்கள், சொந்த ஊர் வீட்டில் காரைப் பூட்டி வைத்துவிட்டுச் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பவர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன்.

குளிர்காலத்தில் காரை எப்படிப் பாதுகாப்பது என்று தேடினால் பனிக்கட்டி, சாலையில் தூவும் உப்பு, உறைந்துபோகும் ரேடியேட்டர் என்றுதான் வரும். அவையெல்லாம் குளிர் தேசத்துக் கவலைகள். நமக்கு ஜனவரி விடியற்காலையில்கூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஒன்றும் உறையப் போவதில்லை. இங்கே காரைக் கெடுப்பது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் மழையாகக் கொட்டுகிறது. மார்கழி, தையில் இரவெல்லாம் பனியாகப் படிகிறது. தினமும் ஓடுகிற காரில் இந்த ஈரம் அன்றன்றைக்குக் காய்ந்துவிடும். நின்றுகொண்டே இருக்கிற காரில் தங்கிவிடும். அதனால் கீழே சொல்லும் எல்லா வேலைக்கும் நோக்கம் ஒன்றுதான்: தண்ணீர் எங்கேயும் தேங்காமல் வழியவும் காயவும் விடுவது.

புரட்டாசியிலேயே தொடங்குங்கள்

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கும். அதற்கு முன்பு இரண்டு மூன்று வாரம் கிடைத்தால் போதும். மழை பிடித்துவிட்டால் மெக்கானிக் ஷெட்டில் இடம் கிடைக்காது.

முதல் வேலை காரின் அடிப்பக்கம். இந்தச் சீமையின் செம்மண் கோடை முழுக்கத் தூசியாகக் கிளம்பி மட்கார்டின் உள்விளிம்பில் அப்பிக்கொள்ளும். காய்ந்திருக்கும் வரை அதனால் தொந்தரவு இல்லை. முதல் மழையில் நனைந்தபின் வெளிப்பக்கம் காய்ந்தாலும் உள்ளே அந்த மண் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். மண் மூடிய இடத்தில் காற்று குறைவு, பக்கத்தில் மூடாத இடத்தில் காற்று அதிகம். ஒரே தகட்டில் இந்த வித்தியாசம் இருந்தாலே சின்ன மின்கலம் போல வேலை நடந்து, மூடிய இடத்தின் இரும்பு அரிக்கத் தொடங்கும். காரைக்குடியில் சிக்ரி என்று எல்லாரும் சொல்லும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் ஆராய்கிற முக்கியமான விஷயங்களில் துருவும் ஒன்று, பேட்டரியும் ஒன்று. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட நிலையம் அது. நம் கார்களை அதிகம் வாட்டுகிற இரண்டையும் ஆராய்கிற இடம் நம் ஊரிலேயே இருக்கிறது என்பதில் எனக்குத் தனிப் பெருமை.

வாட்டர் சர்வீஸுக்கு விடும்போது மேலே மட்டும் கழுவி வாங்கி வராதீர்கள். லிஃப்டில் ஏற்றச் சொல்லி, நான்கு மட்கார்டின் உள்விளிம்பிலும் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். தண்ணீர் அடித்த பிறகும் விரலில் செம்மண் ஒட்டினால், "அண்ணே, இந்த உள் மடிப்புல இன்னொரு தடவை அடிங்க" என்று சொல்லி நின்று பார்த்து வாங்குங்கள். கார் தூக்கியிருக்கும்போதே அடியில் துருப்புள்ளி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்துவிடலாம். இருந்தால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, பிரைமர் அடித்து, அதன்மேல்தான் அண்டர்பாடி கோட்டிங் போட வேண்டும். துருவின் மேலேயே கறுப்பாகப் பூசி அனுப்பும் இடங்கள் உண்டு. அப்படிச் செய்தால் ஈரம் உள்ளே அடைபட்டு, கண்ணுக்குத் தெரியாமல் தகடு போய்விடும். அதைவிடப் பூசாமலே விடலாம். கோட்டிங் அடிக்கும்போது அடியில் இருக்கும் வடிகால் துளைகளை அடைத்துவிடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, அந்தத் துளைகள். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. கண்ணாடி வழியே வடியும் மழைத் தண்ணீரில் கொஞ்சம் கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். அது வெளியேற ஒவ்வொரு கதவின் அடிவிளிம்பிலும் சின்னத் துளைகள் வைத்திருப்பார்கள். கதவைத் திறந்து, குனிந்து, ஒரு ஈர்க்குச்சியை எடுத்து மெதுவாக உள்ளே விட்டுச் சுழற்றுங்கள். அடைத்திருந்தால் பொலபொலவென்று மண் உதிரும், சில சமயம் பழுப்பாகத் தண்ணீரே வரும். கம்பி வேண்டாம், உள்பக்கப் பெயின்டைக் கீறிவிடும். அதேபோல பானெட்டைத் திறந்தால் முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு தெரியும். வேப்பமரத்தடியில் நிற்கும் காரில் அந்தத் தட்டின் இரண்டு ஓரமும் வேப்பங்காம்பும் பூவும் சேர்ந்து மக்கிப் போயிருக்கும். அதை அள்ளி எடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு முன்சக்கரத்தின் பின்பக்கமும் தரையில் தண்ணீர் கொட்டினால் வழி சரியாக இருக்கிறது. அங்கே வராமல் தட்டிலேயே நின்றால், அடுத்த பெருமழையில் அது காருக்குள், முன்சீட்டுக் காலடிக்கு வரும். சன்ரூஃப் இருக்கும் காரில் நான்கு மூலையிலும் வடிகுழாய் உண்டு. அதற்கும் இதே சோதனைதான், ஆனால் தண்ணீரைக் கொஞ்சமாக ஊற்றுங்கள்.

செட்டிநாட்டு வீட்டு முற்றத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும். நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் முற்றத்தில் விழலாம், ஆனால் அங்கே நிற்கக் கூடாது. காரும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது.

மற்ற வேலைகளைச் சீக்கிரம் முடித்துவிடலாம். வைப்பர் ரப்பரை நம் வெயில் ஒரே கோடையில் காய வைத்துவிடும். துடைத்த பிறகு கண்ணாடியில் கோடுகோடாகத் தண்ணீர் நின்றால் மாற்றிவிடுங்கள். வைப்பர் தண்ணீர் டப்பாவை நிரப்பி வையுங்கள். டயரின் பள்ளத்துக்குள் குறுக்கே சின்னச் சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் 1.6 மில்லிமீட்டர்தான் மிச்சம் என்று பொருள். சட்டப்படி அதுதான் கடைசி அளவு. ஆனால் மழைச் சாலைக்கு 3 மில்லிமீட்டருக்குக் கீழே போனாலே மாற்றுவது நல்லது. மழைக்காலத்தில் காற்றைக் குறைத்து வைத்தால் பிடிமானம் கூடும் என்று சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். காற்று குறைந்தால் டயர் தண்ணீரை ஒதுக்குவதும் குறையும். டிரைவர் பக்கக் கதவருகே ஒட்டியிருக்கும் அளவே எல்லாப் பருவத்துக்கும் அளவு. ஸ்டெப்னியையும் பார்த்து வையுங்கள். இந்தப் பக்கம் சாலையோரமெல்லாம் சீமைக் கருவேல முள், மழையில் அடித்துக்கொண்டு சாலைக்கு வந்துவிடும்.

கூலன்ட் பற்றி ஒரு வார்த்தை. நம் ஊரில் உறையாது என்பதால் வெறும் தண்ணீர் போதும் என்று நினைக்க வேண்டாம். கூலன்ட் உறைவதை மட்டும் தடுப்பதில்லை. எஞ்சினுக்குள்ளும் ரேடியேட்டருக்குள்ளும் துரு பிடிக்காமல் காப்பதும், கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான். போர் தண்ணீர் ஊற்றினால் உப்பும் படியும்.

பேட்டரிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள். நம் பக்கம் பேட்டரியைத் தளர வைப்பது கோடை வெயில்தான், தளர்ந்தது தெரியவருவது மார்கழிக் காலையில். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால், முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றுங்கள், பிறகு பிளஸ். வெந்நீரில் ஆப்ப சோடாவைக் கரைத்துப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, காயவிட்டு, பிளஸ்ஸை முதலில் மாட்டி மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். மேலே லேசாக வாசலின் தடவினால் மறுபடி சீக்கிரம் பூக்காது. கடைகளில் விலை குறைந்த மல்டிமீட்டர் கிடைக்கும், ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரவு முழுக்க நின்ற காரில் காலையில் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12-க்குக் கீழே அடிக்கடி இறங்கினால் மழை தொடங்குவதற்குள் கடையில் காட்டிவிடுங்கள்.

எங்கே நிறுத்துவது

செட்டிநாட்டு ஊர்களில் தெருக்களை நேர்கோடாக வகுத்து, மழைத் தண்ணீர் தெருவோடு ஓடி ஊரணியில் சேரும்படி வாட்டம் வைத்திருக்கிறார்கள். வீடுகளை மேடை எழுப்பிக் கட்டியிருப்பதால் எவ்வளவு மழையானாலும் வீட்டுக்குள் தண்ணீர் வராது. ஆனால் உங்கள் கார் மேடை மேல் இல்லை, தெருவில் நிற்கிறது. புதிதாக வந்தவர்கள் கவனிக்காமல் விடுவது இதைத்தான். முதல் மழையன்று குடையோடு வாசலில் நின்று தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். தெருவின் மேட்டுப் பக்கம் நிறுத்துங்கள். ஊரணியை நோக்கி இறங்கும் முனையில் நிறுத்தாதீர்கள். சந்தேகம் இருந்தால் தெருவில் இருக்கும் வயதான ஆச்சி யாரையாவது கேளுங்கள். "அந்த முக்குல விடாதீங்க தம்பி, பெருமழைன்னா முழங்காலுக்குத் தண்ணி நிக்கும்" என்று வீடு வீடாகச் சொல்வார்கள்.

பழைய வீட்டுச் சுவரை ஒட்டி நிறுத்துவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சு உதிரும் சுவரிலிருந்தும் வெடிப்பு விட்ட சன்ஷேடிலிருந்தும் சொட்டும் தண்ணீரில் சுண்ணாம்பு கரைந்திருக்கும். அது பெயின்டில் விழுந்து காய்ந்தால் வெள்ளைத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். ஷாம்பு போட்டால் போகாது, சுரண்டினால் பெயின்ட் போய்விடும். ஈரமாக இருக்கும்போதே தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவது உத்தமம். காய்ந்துவிட்டால், வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துத் திட்டின் மேல் ஒரு நிமிடம் போட்டு வைத்து, மெதுவாகத் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் மேல்மாடிகளில் புறாக் கூட்டம் அதிகம். அதன் எச்சத்தையும் காயவிடாதீர்கள். ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து அப்படியே தூக்கி எடுக்க வேண்டும், தேய்க்கக் கூடாது.

மழைக்காலத்தில் மரத்தடி வேண்டவே வேண்டாம். 2018 நவம்பரில் கஜா புயல் வந்தபோது புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் மரங்கள் சாய்ந்ததைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை. தென்னைக்கு அடியில் எந்தக் காலத்திலும் நிறுத்த வேண்டாம்.

மழை பிடித்த பிறகு

நல்ல மழை ஆண்டில் கண்மாய் நிரம்பி, மிஞ்சிய தண்ணீர் வெளியேறும் கலுங்கில் மறுகால் போகும். பார்க்க அவ்வளவு அழகு, ஊரே போய் வேடிக்கை பார்க்கும். அந்தத் தண்ணீர் கிராமச் சாலையின் தரைப்பாலத்தைத் தாண்டிப் போகும்போது மட்டும் காரை இறக்காதீர்கள். அடியில் சாலை இருக்கிறதா, அரித்துக்கொண்டு போய்விட்டதா என்பது மேலிருந்து தெரியாது. ரயில்வே சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் எவ்வளவு சுற்று ஆனாலும் வேறு வழியில் போங்கள். ஊருக்குள் தேங்கிய தண்ணீர் என்றால், சக்கரத்தின் நடுப்பகுதியைத் தொடாத ஆழம் வரைக்கும் முதல் கியரில், ஆக்ஸிலரேட்டரை ஒரே சீராக மிதித்து, நடுவில் நிற்காமல் கடக்கலாம். கடந்த பிறகு மெதுவாகப் போய்க்கொண்டே பிரேக்கை லேசாக நாலைந்து முறை தொட்டுக் காய வையுங்கள்.

தண்ணீருக்குள் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியை மறுபடி திருப்பாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள். எஞ்சின் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருந்தால், காற்றை அழுத்துவது போலத் தண்ணீரை அழுத்த முடியாது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இறங்கி, ஆள் சேர்த்துத் தள்ளி மேட்டில் ஏற்றி, மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். இன்சூரன்ஸிலும் இது தனிக் கணக்கு. தேர்டு பார்ட்டி மட்டும் எடுத்திருந்தால் மழைச் சேதத்துக்கு எதுவும் கிடைக்காது. ஃபுல் இன்சூரன்ஸ் வெள்ளத்துக்கும் மரம் விழுவதற்கும் பொருந்தும், ஆனால் தண்ணீரில் ஸ்டார்ட் செய்து எஞ்சின் போனால் பொதுவாக மறுத்துவிடுவார்கள். அதற்கு எஞ்சின் புரொடெக்ட் என்று தனியாகச் சேர்க்க வேண்டும். புரட்டாசியிலேயே பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நனைந்த காருக்குள் ஈரம் தங்காமல் பார்ப்பது தினசரி வேலை. ரப்பர் மேட்டை எடுத்து வெளியே போடுங்கள், அதன் அடியில் கார்ப்பெட்டைக் கையால் அழுத்திப் பாருங்கள். சில்லென்று இருந்தால் பழைய நியூஸ்பேப்பரை மடித்து வைத்து, ஊறியதும் மாற்றுங்கள். வெயில் தலைகாட்டும் நாளில் நான்கு கதவையும் திறந்து அரைமணி நேரம் விட்டால் பூஞ்சை வாசனையே வராது. டிக்கியில் ஸ்டெப்னிக் குழியையும் மறக்காதீர்கள். பின்விளக்கு ரப்பர் தளர்ந்திருந்தால் தண்ணீர் அங்கேதான் போய் நிற்கும்.

மார்கழி, தை

மழை ஓய்ந்ததும் பனி. விடியற்காலையில் பிள்ளையார்பட்டிக்குக் கிளம்பும்போது கண்ணாடி முழுக்கப் பனி படிந்திருக்கும். காய்ந்த துணியால் துடைக்க வேண்டாம், பனியோடு செம்மண் தூசியும் சேர்ந்திருப்பதால் கீறல் விழும். ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வைப்பரைப் போடுங்கள். உள்பக்கம் மூச்சுக்காற்றால் மங்கினால் ஏசியைப் போட்டு, காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பி, வெளிக்காற்று வரும்படி வையுங்கள். ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும். வெளிப்பக்கம் மங்கினால் அதற்குக் காரணம் ஏசி அதிகமாகக் குளிர்வதுதான். குளிரைக் குறைத்து, வைப்பரை ஒரு முறை போட்டால் தெளியும்.

தைப்பூசத்துக்கு முன்பு குன்றக்குடியிலிருந்து பழனிக்குக் காவடி எடுத்து நகரத்தார் பாதயாத்திரை போவார்கள். சிங்கம்புணரி, நத்தம் சாலைகளில் இரவும் அதிகாலையும் ஆயிரக்கணக்கானோர் நடந்து போவார்கள். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்டால் வெளிச்சம் திரும்பி நம் கண்ணிலேயே அடிக்கும், லோபீமில் மெதுவாகப் போவதுதான் வழி. முகப்பு விளக்கின் கண்ணாடி மஞ்சளித்திருந்தால் அதற்கு முன்பே பாலிஷ் போட்டுவிடுங்கள்.

ஷெட் இல்லாதவர்கள் கவர் போடுவார்கள். பிளாஸ்டிக் கவரால் நன்மையைவிடத் தீமையே அதிகம். உள்ளே வேர்த்துக்கொண்டே இருக்கும். காற்றுப் புகும் துணிக் கவராக வாங்குங்கள், கழுவாத கார் மேல் போடாதீர்கள், காலையில் எடுத்து மதில் மேல் காயப் போட்டுவிட்டு இரவில் போடுங்கள். தினமும் அதைச் செய்ய நேரமில்லை என்றால், மழைக்கு முன் ஒருமுறையும் பொங்கலுக்கு ஒருமுறையும் வாக்ஸ் பாலிஷ் போட்டு, கவரே போடாமல் விடுவது மேல்.

தை அறுவடையின்போது கிராமச் சாலைகளில் வைக்கோல் பரப்பியிருப்பார்கள். அதன் மேல் ஓட்டிவிட்டு வந்தால், வீட்டில் நிறுத்தும் முன் அடியில் எட்டிப் பாருங்கள். சூடான சைலன்சரில் வைக்கோல் சுற்றியிருந்தால் தீப்பிடிக்கும். எஞ்சினை அணைத்து, சைலன்சர் ஆறிய பிறகு உருவி எடுங்கள்.

பூட்டி வைத்துவிட்டுப் போகிறவர்களுக்கு

மாதக்கணக்கில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போகும் பழக்கம் இங்கே அதிகம் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிளம்புவதற்கு முன் காரைக் கழுவி, வெயிலில் நிறுத்தி நன்றாகக் காயவிட்டு, பிறகு ஷெட்டில் ஏற்றுங்கள். ஈரக் காரை உள்ளே விட்டுப் பூட்டுவதைவிடக் கழுவாமல் விடலாம். டேங்கை நிரப்பி வையுங்கள். இப்போது பங்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும் சரக்கு. டேங்கில் காலியிடம் குறைந்தால் உள்ளே வரும் ஈரக்காற்றும் குறையும். டயரில் நாலைந்து பி.எஸ்.ஐ. கூடுதலாகக் காற்று அடித்து வைத்து, திரும்பி வந்ததும் சரி செய்துகொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக் போடாதீர்கள். மழைக்கால ஈரத்தில் பின்சக்கர டிரம்மோடு பிரேக் ஷூ ஒட்டிக்கொண்டு, வந்து எடுக்கும்போது சக்கரமே சுற்றாது. சமதளத்தில் நிறுத்தி, முதல் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கில் போட்டுக் கட்டை. பேட்டரியின் மைனஸ் ஒயரைக் கழற்றி வைத்துவிட்டால் சார்ஜ் இறங்குவது பெருமளவு குறையும். கழற்றும் முன் கதவைச் சாவியால் திறக்க முடிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எலிக்கு மழைக்காலத்தில் காய்ந்த, கதகதப்பான இடம் வேண்டும், பானெட்டுக்குள் அப்படித்தான் இருக்கும். புகையிலையைத் துணியில் முடிந்து எஞ்சின் பக்கம் கட்டுவது இங்கே எல்லாரும் செய்வது. கொஞ்ச நாள் உதவும், வாசனை போனதும் எலி வந்துவிடும். அதை மட்டும் நம்பாமல், ஷெட்டில் நெல், தவிடு, நாய்ச் சாப்பாடு எதுவும் வைக்காதீர்கள், சுவரோர ஓட்டைகளைக் கம்பி வலை வைத்து அடையுங்கள். ஏசி காற்று இழுக்கும் வாயிலும் சின்னக் கண் வலை பொருத்தித் தருவார்கள். காருக்குள் பிஸ்கட் துணுக்குகூட இருக்கக் கூடாது.

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அண்ணனிடம் சாவியைக் கொடுத்து, "வாரம் ஒருக்க ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவது எல்லார் வீட்டிலும் நடக்கிறது. அது நல்லதைவிடக் கெடுதலே செய்கிறது. ஸ்டார்ட் செய்யச் செலவான சார்ஜ் ஐந்து நிமிடத்தில் திரும்ப ஏறாது. பெட்ரோல் எரியும்போது உண்டாகும் தண்ணீர், சூடேறாத சைலன்சருக்குள்ளேயே தங்கித் துரு ஏற்றும். அவருக்கு ஓட்டத் தெரியும் என்றால், லைசென்ஸும் இருந்தால், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரைமணி நேரம் கானாடுகாத்தான் வரைக்கும் ஓட்டிவிட்டு வரச் சொல்லுங்கள், பெட்ரோல் செலவையும் கையில் கொடுங்கள். ஓட்ட ஆள் இல்லை என்றால் ஸ்டார்ட்டே செய்ய வேண்டாம், மைனஸைக் கழற்றியபடியே இருக்கட்டும்.

திரும்பி வந்ததும் நேராகச் சாவியைப் போடாதீர்கள். பானெட்டைத் திறந்து எலிக்கூடு, கடித்த ஒயர் இருக்கிறதா என்று பாருங்கள், ஏர் ஃபில்டர் டப்பாவையும் திறந்து பாருங்கள். காருக்கு அடியில் எண்ணெய், கூலன்ட் சொட்டிய கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஆயில் மட்டம், பிரேக் ஆயில் மட்டம் பார்த்துவிட்டுப் பேட்டரியை மாட்டி, ஸ்டார்ட் செய்து ஓரிரு நிமிடம் விட்டு, மெதுவாக நகர்த்துங்கள். பிரேக் டிஸ்க்கில் செந்நிறமாகத் துரு படிந்திருக்கும், முதல் சில பிரேக்குக்குக் கரகரவென்று சத்தம் வரும். காலியான சாலையில் மெதுவாக ஓட்டிப் பத்துப் பதினைந்து முறை பிரேக் பிடித்தால் அது போய்விட வேண்டும். அதன் பிறகும் சத்தம் இருந்தாலோ, கார் ஒரு பக்கம் இழுத்தாலோ, அன்றைக்கே நான்கு சக்கரத்தையும் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.